மார்பக ஸ்மியர்: நியூக்ளியஸ் பெரிதாகத் தெரிந்தால் சி3-யா, சி4-ஆ?

கேள்வி – ஊதாச்சாயம்

மார்பகக் கட்டியில் எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. ஸ்மியர் (மெல்லிய ஊசியால் எடுத்த செல்களை ஸ்லைடில் பரப்பியது) பற்றி ஒரு சந்தேகம். செல்கள் ஏராளம். பெரும்பாலானவை கொத்துக்கொத்தாக, சில தனித்தனியாக. நியூக்ளியஸ் வழக்கத்தைவிடப் பெரிது, சிலவற்றில் நியூக்ளியோலஸ் பளிச்சென்று தெரிகிறது. பின்புலத்தில் சைட்டோபிளாசம் இல்லாத வெற்று நியூக்ளியஸ்களும் கிடக்கின்றன. ‘புற்றுச் செல்லின் அடையாளங்கள்’ என்று பாடத்தில் வரும் பட்டியலோடு ஒப்பிட்டால் பாதி பொருந்துகிறது, பாதி பொருந்தவில்லை. இப்படிப்பட்ட ஸ்லைடை ஒருவர் சி3 (பிறழ்வு உண்டு, ஆனால் தீங்கற்றதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்) என்கிறார், இன்னொருவர் சி4 (புற்றுநோய் என்ற வலுவான சந்தேகம்) என்கிறார்.

அந்தப் பட்டியலில் எதற்கு எடை அதிகம்? அடுத்து, கோர் பயாப்சியில் (தடித்த ஊசியால் எடுக்கும் திசுத் துண்டு) ஏ.டி.எச்.-ஐயும் (டக்ட் எனும் பால்குழாய்க்குள் பிறழ்ந்த செல் பெருக்கம்) லோ கிரேடு டி.சி.ஐ.எஸ்.-ஐயும் (டக்டுக்குள்ளேயே நிற்கும் புற்று) பிரிப்பது செல்லின் தோற்றத்தை வைத்தா, பரப்பளவை வைத்தா? கடைசியாக, கிரேடு (புற்றின் தீவிரப் படி) போட 10 ஃபீல்டில் (மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வைக்குத் தெரியும் வட்டம்) மைட்டோசிஸ் (பிரிந்துகொண்டிருக்கும் செல்கள்) எண்ணச் சொல்கிறார்கள். மைக்ராஸ்கோப் மாறினால் எண்ணிக்கையும் மாறாதா?

பதில் 1 – செல்நோக்கி

முதலில் அந்த வெற்று நியூக்ளியஸ்களைப் பாருங்கள். பாதி விடை அங்கேதான் கிடக்கிறது.

நீள்வட்டமாக, இரு முனையும் லேசாகக் கூம்பி, விளிம்பு வழவழப்பாக, நியூக்ளியோலஸ் இல்லாமல், எல்லாம் ஒரே அளவில் இருந்தால் அவை பைபோலார் நியூக்ளியஸ்கள். தீங்கற்ற கட்டியின் பக்கம் தராசைச் சாய்ப்பவை. உருண்டையாக, நியூக்ளியோலஸோடு, பக்கத்துக் கொத்தில் உள்ள நியூக்ளியஸின் அச்சு அசலாக இருந்தால் அவை சைட்டோபிளாசம் கிழிந்துபோன எபிதீலியல் செல்கள் (டக்டின் உள்வரிச் செல்கள்). அவற்றைத் தீங்கின்மைக்குச் சாட்சியாக எடுக்கக் கூடாது. சி3, சி4 என்று இருவர் இரண்டு விதமாகச் சொல்வதற்கு இந்தக் குழப்பம் அடிக்கடி காரணமாகிறது.

அடுத்து ஒரு கொத்தை 40 மடங்கு லென்ஸில் வைத்து ஃபைன் ஃபோகஸை மெல்லத் திருகுங்கள். எபிதீலியல் செல்கள் தெளிவாக இருக்கும் தளத்துக்குச் சற்று மேலேயோ கீழேயோ, எள் தூவியதுபோல் சிறிய, அடர்த்தியான நியூக்ளியஸ்கள் மேலெழுந்து தெரிந்தால் அவை மையோஎபிதீலியல் செல்கள், அதாவது டக்டின் வெளிச்சுற்றுச் செல்கள். ஃபைப்ரோஅடினோமாவில் (ஒரு தீங்கற்ற கட்டி) மான்கொம்புபோல் கிளைத்த தகடுகளில் இது நன்றாகத் தெரியும். ஒரே தளத்தில் பார்த்துவிட்டு நகர்கிறவர் இதைத் தவறவிடுவார்.

எடைக்கு வருவோம். என் வரிசையில் முதலிடம், சைட்டோபிளாசம் முழுசாக இருக்கும் தனிச் செல்களுக்கு, அதுவும் அவற்றின் நியூக்ளியஸ் கொத்தில் உள்ளதைப் போலவே பிறழ்ந்திருந்தால். செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் தன்மையை இழந்திருக்கின்றன என்பதற்கு அது நேரடிச் சான்று. அடுத்தது மையோஎபிதீலியல் செல்கள் இல்லாமை. அதற்குப் பிறகுதான் நியூக்ளியஸ் சவ்வின் ஒழுங்கின்மை, கரடுமுரடான குரோமாட்டின், அளவு எல்லாம். நியூக்ளியோலஸ் கடைசி. புரதம் மும்முரமாகத் தயாரிக்கும் எந்தச் செல்லிலும் அது பருக்கும். கர்ப்பம், பாலூட்டல், அழற்சி எதுவானாலும் போதும்.

‘பெரிது’ என்பதை எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். அதே ஸ்லைடில் உள்ள சாதாரண டக்ட் செல்தான் சரியான அளவுகோல். அது கிடைக்காவிட்டால் சுமார் 7 மைக்ரான் உள்ள சிவப்பணு. காற்றில் உலர்த்தி கீம்சாச் சாயமிட்ட ஸ்லைடில் செல் தட்டையாகப் பரவுவதால் நியூக்ளியஸ் பெரிதாகவே தெரியும். கீம்சாவில் பார்த்ததை, ஈரமாகவே ஆல்கஹாலில் போட்ட பாப் ஸ்டெயினோடு ஒப்பிட்டு ‘பெரிதாகியிருக்கிறது’ என்று எழுதுவது தப்பு.

பிறழ்வு தெரிந்தும் தீங்கற்றவை: பாலூட்டும் மார்பகம் (செல்கள் சிதறி, நியூக்ளியோலஸ் பருத்து, பின்புலம் கொழுப்புத் துளிகளோடு நுரைத்திருக்கும்), கொழுப்புத் திசு அழிவு, பாப்பிலோமா, ரேடியேஷன் பெற்ற மார்பகம். கடைசியில் சொன்னதில் நியூக்ளியஸ் பெரிதாகும்போது சைட்டோபிளாசமும் கூடவே பெரிதாகும், அதனால் இரண்டின் விகிதம் பெரிதாக மாறாது. செல்களும் குறைவாகவே வரும்.

எதிர்ப்பக்கம்தான் அதிக ஆபத்து. லோபுலர் கார்சினோமாவில் செல்கள் சிறியவை, குறைவாக வரும், பிறழ்வு லேசாகத்தான் தெரியும். ஓரத்துக்கு ஒதுங்கிய நியூக்ளியஸ், சைட்டோபிளாசத்துக்குள் நடுவில் புள்ளி வைத்த ஒரு சிறு குழி, வரிசையாக நாலைந்து செல்கள், அவ்வளவே தடயம். டியூபுலர் கார்சினோமாவில் நியூக்ளியஸ் கிட்டத்தட்ட சாதுவாகவே இருக்கும். விறைப்பான, கோணலாக மடங்கிய குழாய்களும் மையோஎபிதீலியம் இல்லாமையும்தான் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் ஸ்லைடில் பைபோலார் நியூக்ளியஸ்கள் தாராளமாக இருந்து, தனிச் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் சி3. பைபோலார் அறவே இல்லாமல் தனிச் செல்கள் பிறழ்வோடு இருந்தும் எண்ணிக்கை போதாமலோ ஸ்மியர் கெட்டுப்போயோ இருந்தால் சி4. இது வெறும் எழுத்து வேறுபாடு இல்லை. மார்பக ஸ்மியரை வகைப்படுத்தும் யோகோஹாமா முறையில், சி3-க்கு இணையான அட்டிபிகல் பிரிவில் புற்றுநோயாக முடிவது சுமார் 15 சதவீதம், சி4-க்கு இணையான சந்தேகத்துக்குரிய பிரிவில் அது 85-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ போகிறது. இரண்டுக்குமே கோர் பயாப்சி தேவைப்படும் என்றாலும், சி4-க்குப் பிறகு வரும் கோரில் ஒன்றும் இல்லையென்றால் ஊசி சரியான இடத்தில் பட்டதா என்று கேட்டே ஆகவேண்டும்.

பதில் 2 – பாரஃபின்பெட்டி

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனா ஸ்மியர் ஒழுங்கா போட்டிருந்தாத்தான் அது செல்லும். டெக்னீஷியன் பக்கத்துலேருந்து கொஞ்சம்.

பாப்புக்கு வைக்கிற ஸ்லைடு, பரப்பின கையோட 95 சதவீத எத்தனால்ல இறங்கணும். லேபிள் எழுதிட்டுப் போடலாம்னு வச்சா அதுக்குள்ள ஓரம் காஞ்சிடும். காஞ்ச இடத்துல நியூக்ளியஸ் உப்பி, குரோமாட்டின் மங்கி, மை கசிஞ்ச மாதிரி ஆயிடும். அதைப் பார்த்துட்டு ‘நியூக்ளியஸ் பெருத்திருக்கு’ன்னு ரிப்போர்ட் போறது உண்டு. ஸ்லைடோட நடுவுல இருக்கிற கொத்துல ஒரு தோற்றம், ஓரத்துல வேற தோற்றம்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது ஸ்லைடு காஞ்சதைத்தான். லேபிளை முன்னாடியே பென்சில்ல எழுதி வச்சுக்கங்க.

ஊசி 22-லேருந்து 25 கேஜ், 10 மில்லி சிரிஞ்ச். ஊசியை வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி சக்‌ஷனை விட்டுடணும். விடலேன்னா மெட்டீரியல் பேரலுக்குள்ள போய் ஒட்டிக்கும், ஸ்லைடுக்கு வராது. ஹப்புல ரத்தம் தெரிஞ்சா அந்தக் குத்தை அங்கேயே நிறுத்தணும். பரப்பும்போது ரெண்டாவது ஸ்லைடை அழுத்தித் தேய்ச்சா நியூக்ளியஸ் நூல் நூலா இழுபடும். லோபுலர் செல்லும் லிம்ஃபோசைட்டும் இப்படி இழுபட்டா எது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

கோர் பயாப்சி, ஆபரேஷன் ஸ்பெசிமன் ரெண்டுக்கும்: 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின், அதாவது கடையில வர்ற ஃபார்மலின் ஒரு பங்கு, பஃபர் தண்ணி ஒன்பது பங்கு. திசுவைப்போல 10 மடங்கு அளவு ஊத்தணும். உடம்பைவிட்டு வெளிய வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள ஃபார்மலின்ல இருக்கணும், உள்ள 6 மணிக்குக் குறையாம, 72 மணிக்கு மேல போகாம இருக்கணும். ரெண்டு நேரத்தையும் ஃபார்ம்ல எழுதுங்க. முழு மார்பகத்தை அப்படியே டப்பாவுல முக்கி வச்சா நடுவுல இருக்கிற கட்டிக்கு ஃபார்மலின் போய்ச் சேரவே சேராது. மணிக்கு ஒரு மில்லிமீட்டர் மாதிரிதான் ஊடுருவும். கட்டியைக் குறுக்கா வெட்டி, 5 மில்லிமீட்டர் துண்டா பிரிச்சு, நடுவுல துணியோ பேப்பரோ வச்சு மூழ்க விடணும். ஆனா மார்ஜினுக்கு (வெட்டி எடுத்த ஓரம்) இங்க் வைக்காம வெட்டக் கூடாது.

ஃபிக்சேஷன் தாமதமானா மைட்டோசிஸ் எண்ணிக்கை குறையும், இ.ஆர்., பி.ஆர். (ஹார்மோன் ஏற்பிகள்) சாயம் மங்கும். கட்டியோட குணம் மாறல, நாம காட்டுற படம் மாறிடுச்சு. செக்‌ஷன் 3-4 மைக்ரான். 6, 7 மைக்ரான் போனா நியூக்ளியஸ் ஒண்ணுமேல ஒண்ணா விழுந்து எல்லாமே கறுத்துத் தெரியும். இல்லாத ஹைப்பர்குரோமேசியா அப்படித்தான் பிறக்குது.

கால்சிஃபிகேஷனுக்காக (கால்சியப் படிவு) எடுத்த கோர்னா இன்னொண்ணு. எக்ஸ்-ரேயில இருக்கு, ஸ்லைடுல காணோம்னு வந்தா உடனே ‘இல்லை’ன்னு எழுத வேண்டாம். கால்சியம் ஆக்சலேட், எச் அண்ட் இ-ங்கிற வழக்கமான ஸ்டெயின்ல சாயம் எடுக்காது, போலரைஸ் பண்ணினாத்தான் மின்னும். அதுலயும் இல்லேன்னா பிளாக்கையே எக்ஸ்-ரே எடுத்து, டீப்பர் லெவல் வெட்டுங்க. கால்சியம் பெரிய கட்டியா இருந்தா பிளேடு தட்டி வெளிய போயிருக்கும், திசுவுல கிழிஞ்ச ஓட்டை மட்டும் இருக்கும்.

பதில் 3 – குறுக்குவெட்டு

ஏ.டி.எச். கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட ‘செல்லா, பரப்பளவா’ என்பதற்கு விடை: சாதாரண ஹைப்பர்பிளேசியாவிலிருந்து ஏ.டி.எச்.-ஐப் பிரிப்பது செல். ஏ.டி.எச்.-இலிருந்து லோ கிரேடு டி.சி.ஐ.எஸ்.-ஐப் பிரிப்பது பரப்பளவு. இந்த இரண்டு கோடுகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் தலைவலி.

சாதாரண ஹைப்பர்பிளேசியாவில் செல்கள் கலவையானவை. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று நீளம், எல்லை தெளிவில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நீரோட்டம்போல் வளைந்து ஓடும். இடைவெளிகள் ஒழுங்கற்ற கீற்றுகளாக டக்டின் ஓரத்தில் அமையும். ஏ.டி.எச்.-இல் எல்லாச் செல்லும் ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும். சம இடைவெளி, தெளிவான எல்லை, துளையிடும் கருவியால் குத்தியதுபோல் வட்டமான துளைகள். பாலங்களைக் கவனியுங்கள். ஹைப்பர்பிளேசியாவில் பாலம் நடுவில் இழுபட்டு மெலிந்திருக்கும், அதிலுள்ள நியூக்ளியஸ்கள் பாலத்தின் நீளவாக்கில் படுத்திருக்கும். ஏ.டி.எச்.-இல் பாலம் விறைப்பாக, ஒரே தடிமனில் இருக்கும். நியூக்ளியஸ்கள் பாலத்துக்குக் குறுக்கே நிற்கும். முரண் என்னவென்றால், இங்கே ஆபத்தின் அடையாளம் ஒழுங்கின்மை அல்ல, ஒழுங்கு.

சந்தேகம் வந்தால் சிகே5/6-உம் (ஒரு கெரட்டின் புரதத்துக்கான ஸ்டெயின்) இ.ஆர்.-உம் சேர்த்துப் போடுங்கள். ஹைப்பர்பிளேசியாவில் சிகே5/6 மொசைக்போல் கலந்து பிடிக்கும், இ.ஆர். திட்டுத்திட்டாக வரும். ஏ.டி.எச்.-இலும் லோ கிரேடு டி.சி.ஐ.எஸ்.-இலும் சிகே5/6 இருக்காது, இ.ஆர். எல்லாச் செல்லிலும் அழுத்தமாக இருக்கும். பொறி: அபோகிரைன் செல்களும் காலம்னர் செல் மாற்றமும் தீங்கற்றவையாக இருந்தும் சிகே5/6 நெகடிவ். முதலில் எச் அண்ட் இ-யில் என்ன செல் என்று முடிவு செய்யாமல் ஸ்டெயினை நம்பினால் சாதாரண அபோகிரைன் மாற்றத்துக்கு ஏ.டி.எச். என்று பெயர் வைத்துவிடுவீர்கள்.

பரப்பளவைப் பொறுத்தவரை வழக்கத்தில் உள்ள வரம்பு 2 மில்லிமீட்டர், அல்லது முழுவதும் நிரம்பிய இரண்டு டக்டுகள். இரண்டும் இயற்கை போட்ட கோடுகள் அல்ல, மனிதர் போட்டவை. ஹை கிரேடு நியூக்ளியஸ் இருந்தால் இந்த அளவுக் கணக்கே கிடையாது, ஒரே டக்டானாலும் டி.சி.ஐ.எஸ்.தான். கோரில் 2 மில்லிமீட்டருக்குள் தெரிவது பெரிய டி.சி.ஐ.எஸ்.-இன் ஓரமாகவும் இருக்கலாம் என்பதால்தான் ஏ.டி.எச். பி3-இல் (கோர் பயாப்சியில் தீங்கு நிச்சயமில்லாத பிரிவு) போகிறது, பெரும்பாலும் எக்சிஷன் பரிந்துரைக்கப்படுகிறது. அப்படி எடுத்தது ஏ.டி.எச்.-ஆகவே நின்றாலும், பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு. சாதாரண ஹைப்பர்பிளேசியாவில் அது ஒன்றரை முதல் 2 மடங்குதான்.

செல்நோக்கி மையோஎபிதீலியத்துக்குக் கொடுத்த எடையில் ஒரு சிறு திருத்தம். ஸ்மியரில் மையோஎபிதீலியல் செல்கள் இருப்பது இன்வேசிவ் (டக்டைத் தாண்டி ஊடுருவிய புற்று) இல்லை என்பதற்கு உத்தரவாதமல்ல. டி.சி.ஐ.எஸ்.-ஐச் சுற்றியும் அவை இருக்கும், பக்கத்து ஃபைப்ரோஅடினோமாவிலிருந்தும் வந்திருக்கலாம். திசுவிலும் விதிவிலக்குகள் உண்டு. மைக்ரோகிளாண்டுலர் அடினோசிஸில் மையோஎபிதீலியமே கிடையாது, ஆனால் அது இன்வேசிவ் கார்சினோமா இல்லை. மையோஎபிதீலியத்தைக் காட்ட பி63 ஸ்டெயின் ஒன்றை மட்டும் போடாதீர்கள். அது நியூக்ளியஸில் மட்டும் பிடிப்பதால் புள்ளி வைத்த கோடாகத் தெரியும், இடைவெளியைப் பார்த்து ‘உடைந்துவிட்டது’ என்று தோன்றும். கூடவே ஸ்மூத் மசில் மையோசின் ஹெவி செயின் வையுங்கள். கால்போனின் நல்லதுதான், ஆனால் கட்டியைச் சுற்றியுள்ள மையோஃபைப்ரோபிளாஸ்டிலும் பிடித்து ஏமாற்றும்.

இனி மைட்டோசிஸ். ஆம், மைக்ராஸ்கோப் மாறினால் எண்ணிக்கை மாறும். அதனால்தான் கிரேடு போடும் நாட்டிங்ஹாம் முறையில் ஃபீல்டின் விட்டத்துக்கு ஏற்ப அட்டவணை மாறுகிறது. ஐபீஸில் பொறித்திருக்கும் ஃபீல்டு நம்பரை ஆப்ஜெக்டிவின் பெருக்கத்தால் வகுத்தால் விட்டம். 22-ஐ 40-ஆல் வகுத்தால் 0.55 மில்லிமீட்டர், 20-ஐ வகுத்தால் 0.50. முதலாவதில் 10 ஃபீல்டுக்கு 8 வரை ஸ்கோர் 1, 9 முதல் 17 வரை 2, 18-லிருந்து 3. இரண்டாவதில் 7 வரை 1, 8 முதல் 14 வரை 2, 15-லிருந்து 3. 0.50 உள்ள மைக்ராஸ்கோப்பில் 16 எண்ணிவிட்டு, சுவரில் ஒட்டியிருக்கும் 0.55 அட்டவணையைப் பார்த்தால் 3-க்குப் பதில் 2 விழும். டியூபுல் (குழாய் அமைப்பு) 3, நியூக்ளியஸ் 2 என்றால் மூன்று ஸ்கோரும் கூட்டி மொத்தம் 8 வரவேண்டியது 7 ஆகிறது. கிரேடு 3 கட்டி கிரேடு 2 ஆகிவிட்டது. மைக்ராஸ்கோப்பின் கழுத்திலேயே அதன் விட்டத்தை எழுதி ஒட்டிவிடுங்கள்.

எண்ணுவது கட்டியின் ஓரத்தில், மைட்டோசிஸ் அதிகமுள்ள இடத்தில். நியூக்ளியஸ் சவ்வு மறைந்து, குரோமாட்டின் விளிம்பில் முடி முளைத்ததுபோல் பிசிறு தெரிந்தால்தான் கணக்கில் வரும். வழவழப்பான கறுப்பு உருண்டை, சுற்றிலும் சுருங்கிச் சிவந்த சைட்டோபிளாசம் என்றால் அது செத்துக்கொண்டிருக்கும் செல். சந்தேகமானதை எண்ணாதீர்கள். டியூபுலுக்கு மட்டும் கட்டி முழுவதையும் பார்க்கவேண்டும்: 75 சதவீதத்துக்கு மேல் 1, 10 முதல் 75 வரை 2, 10-க்குக் கீழே 3. நியூக்ளியஸுக்கு மிக மோசமான பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண செல்லைப்போல ஒன்றரை மடங்குக்குள் 1, 2 மடங்கு வரை 2, அதற்கு மேல் 3.

ஊதாச்சாயம்

நன்றி. பைபோலார் விஷயம் இப்போது தெளிவு. இன்னும் இரண்டு கேள்வி. ஸ்மியரில் சி3 வந்து, ரத்தத்தில் சி.ஏ.15-3 (மார்பகப் புற்றுக்கான ஒரு குறிப்பான்) கூடியிருந்தால் சி4 ஆக உயர்த்தலாமா? செல் பிளாக் (ஊசியில் வந்த செல்களைத் திரட்டி மெழுகில் புதைத்தது) இருந்தால் அதிலேயே இ.ஆர்., ஹெர்2 (செல் சவ்விலுள்ள ஒரு புரதம்) போட்டு ‘புற்றுநோய்தான்’ என்று உறுதி செய்யலாமா?

பதில் 4 – குறுக்குவெட்டு

இரண்டுக்கும் இல்லை.

சி.ஏ.15-3 தொடக்க நிலையில் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், கல்லீரல் கோளாறு போன்ற வேறு காரணங்களாலும் கூடும். பரவிய நோயில் சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அதற்குப் பயன். ஸ்லைடில் உள்ளதை ரத்தத்தைப் பார்த்துத் திருத்தக் கூடாது.

இ.ஆர். புற்றுநோயின் அடையாளம் அல்ல. சாதாரண டக்டிலும் அது உண்டு. அதனால்தான் அந்த டக்டே நமக்கு உள் கட்டுப்பாடு: பக்கத்து சாதாரண டக்டில் ஒரு செல்கூட நிறமெடுக்காமல், கட்டியிலும் ‘நெகடிவ்’ வந்தால் அது கட்டியின் விடை அல்ல, ஸ்டெயின் தோற்றுப்போனதற்கான விடை, திரும்பப் போடுங்கள். கட்டி என்று உறுதியான பிறகு, 1 சதவீத நியூக்ளியஸ் பிடித்தாலே பாசிடிவ், 1 முதல் 10 வரை ‘லோ பாசிடிவ்’ என்று தனியாகக் குறிக்கவேண்டும்.

ஹெர்2-ஐ இன்வேசிவ் பகுதியில் மட்டுமே படிக்கவேண்டும். ஹை கிரேடு டி.சி.ஐ.எஸ். அடிக்கடி 3+ காட்டும், பக்கத்தில் உள்ள இன்வேசிவ் பகுதி 0 ஆக இருக்கலாம். ஸ்மியரிலும் செல் பிளாக்கிலும் எது டி.சி.ஐ.எஸ்., எது இன்வேசிவ் என்று பிரிக்க முடியாது என்பதே அங்கே இதைத் தவிர்க்க முதல் காரணம். ஆல்கஹாலில் ஃபிக்ஸ் செய்த செல்லுக்கு ஃபார்மலின் திசுவின் வரம்புகளை அப்படியே பொருத்த முடியாது என்பது இரண்டாவது. கோரில் 10 சதவீதத்துக்கு மேற்பட்ட செல்களில் சவ்வு முழுவதும் அழுத்தமாகப் பிடித்தால் 3+. முழுச் சுற்றாக ஆனால் மெலிதாகவோ மிதமாகவோ பிடித்தால் 2+, அதை ஐ.எஸ்.எச்.-க்கு (ஹெர்2 மரபணுவின் எண்ணிக்கையைப் பார்க்கும் சோதனை) அனுப்பவேண்டும். கோர் துண்டின் ஓரத்தில் மட்டும் அழுத்தமாக இருந்தால் எட்ஜ் ஆர்டிஃபேக்ட், அதைப் படிக்காதீர்கள்.

லோபுலரா என்ற சந்தேகத்துக்கு மட்டும் ஈ-கட்ஹெரின் (செல்களை ஒட்டவைக்கும் புரதம்) உண்மையில் உதவும், சவ்வில் அது காணாமல் போயிருக்கும். சில லோபுலரில் பிறழ்ந்த விதமாக ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் பி120-ஐயும் சேர்த்துப் பாருங்கள், அது சவ்வைவிட்டு சைட்டோபிளாசத்துக்குள் இறங்கியிருக்கும்.

பதில் 5 – செல்நோக்கி

மையோஎபிதீலியம் பற்றிய திருத்தம் நியாயமானது, ஏற்கிறேன். ஸ்மியரை வைத்து ‘இன்வேசிவ்’ என்ற சொல்லையே எழுதாதீர்கள்.

ரிப்போர்ட்டில் ‘அட்டிபிகல் செல்கள் உள்ளன, தொடர்புபடுத்திப் பார்க்கவும்’ என்று ஒற்றை வரி போனால் சர்ஜனுக்கு ஒன்றும் கிடைக்காது. எது இருந்தது, எது இல்லை என்று எழுதுங்கள். உதாரணமாக: ‘செல் அடர்த்தி அதிகம். மான்கொம்பு வடிவத் தகடுகளோடு பைபோலார் நியூக்ளியஸ்கள் மிதமான எண்ணிக்கையில். சில கொத்துகளில் நியூக்ளியஸ் லேசாகப் பெரிதாகி, செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகியுள்ளன. பிரிவு சி3. ஃபைப்ரோஅடினோமாவுக்கு வாய்ப்பு அதிகம். கோர் பயாப்சி தேவை.’

கோரிக்கை ஃபார்மில் கர்ப்பம், பாலூட்டல், முன்பு ரேடியேஷன், முன்பு ஊசி குத்திய தேதி இந்த நான்கும் காலியாக வந்தால் சி3-க்கு மேலே போகும் முன் போன் போட்டுக் கேளுங்கள். மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் ஊசிக்கு முன்பே முடிந்திருக்கவேண்டும், குத்திய பிறகு கட்டும் ரத்தம் படத்தில் சந்தேகத்துக்குரிய நிழலாக விழும். படம் பைராட்ஸ் 5 (புற்றுநோய்க்கு மிக அதிக வாய்ப்பு), ஸ்மியர் சி2 (தீங்கற்றது) என்று வந்தால் சி2-ஐ நம்பி விட்டுவிடாதீர்கள். அல்ட்ராசவுண்டு வழிகாட்டலில் 14 கேஜ் கோர் எடுக்கச் சொல்லி அதே ரிப்போர்ட்டில் எழுதி அனுப்புங்கள்.